தாமதத்துக்குத் தண்டனை இவ்வளவா? தம்பிக்காக எழுதிய அக்காவுக்கு ஒரு வக்கீலின் பதில்

கேள்வி: என் தம்பி தள்ளுவண்டியில் வியாபாரம் செய்கிறான். லைசென்ஸைப் புதுப்பிக்கப் பதினோரு நாள் தாமதமாகிவிட்டது. புதிதாக வந்த விதிப்படி வண்டியைப் பறிமுதல் செய்து, அவனுடைய நாலு மாத வருமானத்துக்குச் சமமான அபராதமும் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது முறை மாட்டினால் ஜெயில் என்று நோட்டீஸில் இருக்கிறது. அவனைப் போல இன்னும் பல பேர். ஊர்வலம், மறியல் என்று பேச்சு நடக்கிறது. யாரும் அபராதம் கட்டக்கூடாது, உன் தம்பியை முன்னால் நிறுத்தலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அரசு வேலையில் இருந்து ஓய்வுபெற்ற அப்பாவோ, "சட்டம்னா சட்டம்தான், லேட் பண்ணது இவன் தப்பு, கட்டிட்டு வேலையைப் பாரு" என்கிறார். சட்டத்தை எதிர்ப்பதே குற்றமா? எதிர்த்து உண்மையிலேயே ஏதாவது மாறியிருக்கிறதா? நாங்கள் என்ன செய்வது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: முதலில் அவசரமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்குக் கொடுத்த நோட்டீஸை எடுத்து அதில் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், யாரிடம் செய்யலாம் என்பது பெரும்பாலும் அதன் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், இல்லாவிட்டால் அந்த விதியிலேயே இருக்கும். இருபது வருடத்துக்கு மேல் வக்கீலாக இருக்கிறேன், நியாயம் முழுக்கத் தங்கள் பக்கம் இருந்தும் கெடு தாண்டிவிட்டதால் ஒன்றும் செய்யமுடியாமல் திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஊர்வலம் அடுத்த வாரமும் போகலாம், மேல்முறையீட்டுக் கெடு யாருக்காகவும் நிற்காது. வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது அதில் என்னென்ன இருந்தது, பட்டியல் போட்டுக் கொடுத்தார்களா, ரசீது உண்டா, யார் யார் பார்த்தார்கள் என்பதையும் இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டு வாரம் போனால் தம்பிக்கே பாதி மறந்துவிடும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

சட்டத்தை எதிர்ப்பது குற்றமில்லை. இந்தச் சட்டம் தப்பு என்று பேசுவது, எழுதுவது, மனு கொடுப்பது, அனுமதி வாங்கிக் கூட்டம் போடுவது, கோர்ட்டுக்குப் போவது, அடுத்த தேர்தலில் அதை வைத்தே ஓட்டுப் போடுவது எல்லாமே சட்டத்துக்கு உள்ளே நடக்கிற காரியங்கள். சட்டத்தை மீறுவது வேறு. அபராதத்தைக் கட்ட மறுப்பதும் தடையை மீறி ரோட்டில் உட்காருவதும் மீறல்தான், எவ்வளவு நல்ல காரணத்துக்காகச் செய்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலையை யார் கொடுக்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். "வாயைத் திறந்தாலே உள்ளே தள்ளிவிடுவார்கள்" என்று பயமுறுத்துகிறவரும் கலக்கிறார், "எல்லாரும் சேர்ந்து மீறினால் அவர்களால் ஒன்றும் செய்யமுடியாது" என்று உசுப்பேற்றுகிறவரும் கலக்கிறார்.

அப்பா சொல்வதில் பாதி சரி. லேட் ஆனது தம்பியின் தப்புதான், அதை எந்த மனுவிலும் மறைக்க வேண்டாம், பதினோரு நாள் தாமதம் என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். உங்கள் சண்டை அந்தத் தப்புக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்பது பற்றி. இதைச் சட்டத்தில் விகிதாச்சாரம் என்போம், பல நாட்டு உயர் நீதிமன்றங்கள் இன்று இதை ஒரு வரிசையான கேள்விகளாகவே கேட்கின்றன. இந்த நடவடிக்கைக்கு நியாயமான நோக்கம் இருக்கிறதா, நடவடிக்கை அந்த நோக்கத்தை நிறைவேற்றுமா, இதைவிடக் குறைவாக வலிக்கிற வேறு வழி இருந்ததா, கிடைக்கிற நன்மை மனிதர்கள் படுகிற கஷ்டத்துக்கு ஈடாகுமா. உங்கள் தம்பி விஷயத்தில் மூன்றாவது கேள்வியிலேயே அந்த விதி தடுக்கி விழுகிறது என்பது என் கருத்து. லைசென்ஸைப் புதுப்பிக்க வைப்பதுதான் நோக்கம் என்றால் ஒரு நினைவூட்டல் அனுப்பலாம், ஒரு வாரம் அவகாசம் தரலாம், சின்னதாக ஒரு தாமதக் கட்டணம் போடலாம். பிழைக்கிற வண்டியையே தூக்கிக்கொண்டு போய்விட்டால் புதுப்பிக்கிற பணத்தை அவன் எங்கிருந்து கொண்டுவருவான்?

எதிர்த்து ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய மாறியிருக்கிறது. ஆனால் மாறிய விதம் மறியல் பேச்சு பேசுகிறவர்கள் நினைக்கிற மாதிரி பெரும்பாலும் இருந்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்குத்தண்டனை இருந்தது. கடையில் இருந்து 5 ஷில்லிங் மதிப்புள்ள பொருளை எடுத்தால் தூக்கு, வீட்டுக்குள் இருந்து 40 ஷில்லிங் மதிப்புள்ளதை எடுத்தால் தூக்கு. அங்கே ஜூரியில், அதாவது குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில், உட்கார்ந்தவர்கள் கலகக்காரர்கள் கிடையாது. சொத்து வைத்திருந்தவர்கள், வியாபாரிகள், திருடன் என்றாலே ஆகாதவர்கள். அவர்களேதான், திருடிய பொருள் இன்னும் எவ்வளவோ அதிகம் பெறும் என்று நன்றாகத் தெரிந்தும், அதன் மதிப்பு 39 ஷில்லிங் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஒரே ஒரு ஷில்லிங்கைக் குறைத்து ஒரு ஆளைக் கயிற்றில் இருந்து இறக்கினார்கள். கடவுள் பெயரால் சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன பொய்தான் அது, ஆனாலும் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பெரிய சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் இந்த வழக்கத்தைப் புண்ணியப் பொய் என்கிற பொருளில்தான் எழுதினார். நாடாளுமன்றத்தில் சாமுவேல் ரோமில்லி என்பவர் 1810இல் இருந்து கடைத்திருட்டுக்கான தூக்கை எடுக்கச் சொல்லி மசோதா கொண்டுவந்தார், பிரபுக்கள் சபை திரும்பத் திரும்பத் தோற்கடித்தது, அவர் 1818இல் இறந்தபோது அந்தத் தூக்கு அப்படியேதான் இருந்தது. சட்டத்தைக் கடைசியில் அசைத்தவர்களில் யார் இருந்தார்கள் தெரியுமா, வங்கிக்காரர்கள். கள்ள நோட்டு, கள்ளக் கையெழுத்துக்குத் தூக்கு என்பதால் எந்த ஜூரியும் குற்றவாளி என்று சொல்ல மனம் வராமல் விட்டுவிடுகிறது, இதனால் எங்களுக்குப் பாதுகாப்பே இல்லை, தண்டனையைக் குறையுங்கள் என்று 1830இல் அவர்களே மனு கொடுத்தார்கள். 1832இல் வீட்டுத் திருட்டுக்கும் பெரும்பாலான கள்ளக் கையெழுத்துக் குற்றங்களுக்கும் தூக்கு போய்விட்டது.

இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. அளவுக்கு மீறிக் கடுமையான சட்டத்துக்கு முதல் எதிர்ப்பு பெரும்பாலும் அதை நிறைவேற்ற வேண்டிய கைகளில் இருந்து வருகிறது. சட்டத்தை மதிக்கிறவர், குற்றத்தை வெறுக்கிறவர், "இதை என் கையால் செய்யமாட்டேன்" என்று நினைக்கிற அந்தக் கணத்தில் சட்டம் நொண்ட ஆரம்பிக்கிறது. அதனால் உங்கள் கூட்டம் யாரை மனதில் வைத்துப் பேசவேண்டும் என்றால், ஏற்கெனவே கோபத்தில் இருக்கும் தள்ளுவண்டிக்காரர்களை அல்ல. நோட்டீஸ் எழுதுகிற கிளார்க்கை, வண்டியைத் தூக்க வருகிற ஊழியரை, ரோட்டில் நடக்க இடமில்லை என்று இந்த விதியை வரவேற்றவர்களை, உங்கள் அப்பாவை.

1930 ஏப்ரலில் உப்பு எடுப்பதற்காக ராஜாஜி தலைமையில் திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்கு நூறு பேர் வாக்கில் நடந்தார்கள். அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்தவர் தார்ன். நடந்து வருகிறவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஜெயில் என்று அவர் அறிவித்தார். வழியில் இருந்த கிராமங்களில் உப்பு வரியைப் பற்றிப் பெரிதாக யோசிக்காதவர்கள் எவ்வளவோ பேர் இருந்திருப்பார்கள், காங்கிரஸைப் பிடிக்காதவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் வெயிலில் நடந்து வருகிறவனுக்குச் சோறு போடாதே என்று சர்க்கார் சொன்னதும் அது ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. சாப்பாட்டுப் பொட்டலங்களை வழியில் இருந்த மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கொடுத்தது என்று எந்தப் போலீஸ் கண்டுபிடிக்க முடியும்? வேதாரண்யத்தில் வைரப்பன் என்கிற நாவிதர் போலீஸ்காரருக்குச் சவரம் செய்யமாட்டேன் என்று கத்தியைக் கீழே வைத்து, அதற்காக ஜெயிலுக்கே போனார். உப்புச் சட்டம் போராட்டத்துக்குக் காரணத்தைக் கொடுத்தது என்றால், கலெக்டரின் கெடுபிடி அதற்கு ஆட்களைக் கொடுத்தது.

கிட்டத்தில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். இந்தியாவில் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 106ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, அஜாக்கிரதையாக ஓட்டி ஒருவர் உயிரிழக்கக் காரணமாகிவிட்டு, போலீஸுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் ஓடிவிடும் டிரைவருக்குப் பத்து வருடம் வரை சிறை என்றது. 2024 ஜனவரி 1ஆம் தேதி பல மாநிலங்களில் லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நின்றது. அடுத்த நாளே, உங்கள் சங்கத்தோடு பேசாமல் அமல்படுத்த மாட்டோம் என்று மத்திய அரசு சொல்லிவிட்டது, ஜூலை 1ஆம் தேதி மற்ற பிரிவுகள் எல்லாம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஒன்றை மட்டும் நிறுத்திவைத்தார்கள். டிரைவர்களின் வாதத்தில் பலம் எங்கே இருந்தது? "ஆளைக் கொன்றுவிட்டு ஓடலாம்" என்று அவர்கள் கேட்கவில்லை. "நின்றால் கூட்டம் எங்களை அடித்தே கொன்றுவிடும், ஓடினால் பத்து வருடம், நாங்கள் என்ன செய்வது" என்று கேட்டார்கள். லாரி ஓட்டாதவனுக்கும் உடனே புரிகிற கேள்வி அது. இதிலேயே ஒரு குறையும் இருந்தது. லட்சக்கணக்கில் அபராதம் என்று ஒரு பேச்சு அப்போது போனில் பரவியது, ஆனால் அந்தப் பிரிவில் அபராதம் உண்டு என்று மட்டும்தான் இருக்கிறது, தொகை எதுவும் கிடையாது. நம்மிடம் உண்மையே போதுமான அளவு இருக்கும்போது இல்லாததைச் சேர்த்தால், பதில் சொல்லவேண்டியவர்கள் அந்த இல்லாததை மட்டும் மறுத்துவிட்டுப் போய்விடுவார்கள். எனவே தயவுசெய்து அந்த விதியின் முழு வாசகத்தையும் வாங்கி, கூட்டத்தில் ஒருவரை நிற்கவைத்து, வரி வரியாகச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பாதி வதந்தி அங்கேயே விழுந்துவிடும், உங்களுக்குத் தெரியாத ஒரு விலக்கோ அவகாசமோ அதில் இருந்தாலும் கண்ணில் படும்.

மறியல் பற்றி. நான் மறியலுக்கே எதிரி இல்லை, ஆனால் கல்லும் தீயும் வருகிற இடத்தில் உங்கள் கேள்வி காணாமல் போய்விடும். பதினோரு நாள் தாமதத்துக்கு நாலு மாத வருமானமா என்று கேட்டுக்கொண்டிருந்த ஊர், மறுநாள் கண்ணாடியை யார் உடைத்தது என்று கேட்கும். பிரிட்டனில் மார்கரெட் தாட்சர் அரசு வீட்டு வரிக்குப் பதிலாக ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு தலைவரி கொண்டுவந்தது, ஸ்காட்லாந்தில் 1989இல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990இல். மாளிகையில் இருக்கிறவருக்கும் ஒற்றை அறையில் இருக்கிறவருக்கும் ஒரே ஊரில் ஏறக்குறைய ஒரே வரி. 1990 மார்ச் 31 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நடந்த கலவரத்தின் படங்கள்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் அந்த வரியை உள்ளூராட்சிகளால் வசூலிக்கவே முடியாமல் செய்தது லட்சக்கணக்கானவர்கள் கட்டாமல் இருந்ததும், ஒவ்வொருவரையும் கோர்ட்டுக்குக் கூப்பிட வேண்டியிருந்ததும்தான். வைட் தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மொத்தமாகச் சம்மன் அனுப்பிய முதல் வழக்குகள், நினைவூட்டல் நோட்டீஸைச் சாதாரணத் தபாலில் தாமதமாக அனுப்பியதால் போதிய அவகாசம் தரவில்லை என்று தள்ளுபடியானது எனக்கு மிகவும் பிடித்த கதை. (அதனால்தான் ஆரம்பத்திலேயே நோட்டீஸின் தேதியைப் பார்க்கச் சொன்னேன்.) 1991 மார்ச்சில் அந்த வரியை எடுக்கப்போவதாக அரசு அறிவித்தது. ஆனால் அதற்குள் கட்டாததற்காக ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு, கடைசியில் வரி ஒழிந்தது என்பதற்காக அவர்கள் உள்ளே கழித்த நாட்கள் திரும்பி வந்துவிடவில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. வெள்ளைக்காரர் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை, நம் பக்கத்தில் கைரேகைச் சட்டம் என்பார்கள், மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூர் மக்கள் ஏற்க மறுத்தார்கள். ஒரு சாதியில் பிறந்துவிட்டாலே கைரேகை பதியவேண்டும், ராத்திரி போலீஸ் கண்காணிப்பில் இருக்கவேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்கவேண்டும் என்கிற சட்டம் அது. 1920 ஏப்ரல் 3 அன்று அங்கே துப்பாக்கிச்சூடு நடந்து பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், மாயக்காள் என்கிற பெண்ணும் அதில் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947இல். இடையில் 27 வருடம். எதிர்த்தால் மாறும் என்று நான் சொல்லும்போது, அடுத்த மாதமே மாறும் என்றோ செலவில்லாமல் மாறும் என்றோ நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கோர்ட் பற்றி, நான் வக்கீல் என்பதால் கோர்ட்டைப் பெரிதாகச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். போகவேண்டிய இடம்தான். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, இணையத்தில் ஏதோ எழுதியதற்கெல்லாம் ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்த பிரிவை, 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வழக்குப் போட்டவர் ஷ்ரேயா சிங்கல் என்கிற இளம்பெண். ஆனால் செல்லாது என்று சொல்லி ஆறு வருடம் கழித்து, 2021இல், அதே பிரிவில் இன்னமும் வழக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டு உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. தீர்ப்பு வந்த பிறகும் அதைக் கீழ்மட்ட ஆபீஸ் வரை கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும். மறுபக்கம், கலிபோர்னியாவில் மூன்றாவது முறை மாட்டினால் 25 வருடம் முதல் ஆயுள் வரை என்று 1994இல் ஒரு சட்டம் வந்தது. சில வீடியோ கேசட்டுகளைத் திருடியவருக்கு, பழைய குற்றங்களையும் சேர்த்து, குறைந்தது 50 வருடம் என்று தண்டனை போட்டார்கள். 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அது செல்லும் என்றுவிட்டது. கோர்ட் தொடாமல் விட்ட அந்தச் சட்டத்தை 2012இல் அந்த மாநில மக்களே ஓட்டுப் போட்டுத் தளர்த்தினார்கள், மூன்றாவது குற்றம் கடுமையானதாக இருந்தால்தான் பொதுவாக அந்தத் தண்டனை என்று. ஆகவே மேல்முறையீட்டில் தோற்றாலும் அதோடு எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள், ஜெயித்தாலும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

இனி தம்பி. இதில்தான் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கப்போகிறேன். அவனை முன்னால் நிறுத்தலாம் என்று சொல்கிறவர்களிடம், இரண்டாவது முறை மாட்டினால் ஜெயில் என்று இருக்கும்போது அவன் உள்ளே போனால் வீட்டை யார் பார்ப்பது, ஜாமீனுக்கு யார் கையெழுத்துப் போடுவது, வக்கீல் செலவு யாருடையது என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் தம்பியை அனுப்பாதீர்கள். அமெரிக்காவில் கறுப்பினத்தவரைப் பஸ்ஸில் பிரித்து உட்காரவைத்ததை எதிர்த்து நடந்த மாண்ட்கோமரி நகரத்துப் பஸ் போராட்டம் என்றால் எல்லாரும் ரோசா பார்க்ஸைச் சொல்வார்கள். அவருக்கு ஒன்பது மாதம் முன்னாலேயே, 1955 மார்ச்சில், கிளாடெட் கோல்வின் என்கிற பதினைந்து வயதுக் கறுப்பினப் பெண் அதே ஊரில் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்துக் கைதானாள். அந்தச் சின்ன வயதுப் பெண்ணின் வழக்கை வைத்து ஊரைத் திரட்ட அங்கிருந்த தலைவர்கள் தயங்கினார்கள். அது அவளுக்கு வலித்திருக்கும், அவளை இன்னும் நன்றாகத் தாங்கியிருக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் டிசம்பரில் போராட்டம் தொடங்கியபோது ஊர் தயாராக இருந்தது. 381 நாள் கறுப்பின மக்கள் பஸ் ஏறவில்லை. வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லக் கார்களை ஒழுங்குபடுத்தி, யார் எங்கே எத்தனை மணிக்கு என்று அட்டவணை போட்டு நடத்தினார்கள். அதே சமயம் கோர்ட்டில் தனியாக ஒரு வழக்கும் நடந்தது, பிரித்து உட்காரவைக்கும் சட்டத்தைக் கடைசியில் வீழ்த்தியது அந்த வழக்குதான், அதில் வழக்குத் தொடுத்தவர்களில் கோல்வினும் ஒருத்தி. மீறுகிறவர் தெரிந்தே, தானே விரும்பி மீறவேண்டும், அவருக்குப் பின்னால் ஊர் நிற்கவேண்டும். கோபத்தில் யாரோ தள்ளிவிட்டு ஒருவன் போய் மாட்டக்கூடாது.

அபராதத்தைக் கட்டலாமா வேண்டாமா என்பதை உள்ளூர் வக்கீலைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். சில இடங்களில் ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டினால் வழக்காடும் உரிமை அப்படியே இருக்கும், வண்டியும் சீக்கிரம் வெளியே வரும். சில இடங்களில் கட்டுவதே தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகி, அதுவே "முதல் முறை" என்று பதிவாகிவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் உங்கள் தம்பிக்கு ஜெயிலா இல்லையா என்கிற அளவுக்குப் பெரியது. இலவசச் சட்ட உதவி கிடைக்கிற இடம் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

அப்புறம் நீங்கள் செய்யவேண்டிய வேலை. நோட்டீஸ் வாங்கிய அத்தனை பேரையும் ஒருவர் விடாமல் பார்த்து, எத்தனை நாள் தாமதம், ஏன் தாமதம், எவ்வளவு அபராதம், மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறார், வீட்டில் அவரை நம்பி எத்தனை பேர், வண்டி இல்லாமல் எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதி வாங்குங்கள், ஒவ்வொன்றுக்கும் அவருடைய நோட்டீஸின் நகலைச் சேர்த்து. இருபது பேர் கிடைத்தால்கூடப் போதும். ஒரே பக்கத்தில் அட்டவணையாகப் போடுங்கள். வீர வசனம் ஒன்றும் வேண்டாம், அந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தாலே படிக்கிறவருக்குச் சங்கடமாகிவிடும். ஆஸ்பத்திரியில் இருந்ததால் லேட் ஆனவர், ஆபீஸிலேயே நாளைக்கு வா என்று அலைக்கழித்ததால் லேட் ஆனவர் என்று நிச்சயம் சிலர் இருப்பார்கள், அவர்களை மேலே போடுங்கள். கோரிக்கையையும் சுருக்குங்கள். விதியையே ரத்து செய் என்றால் நடைபாதை வேண்டும் என்கிறவர்கள் எல்லாரும் உங்களுக்கு எதிராக நிற்பார்கள், அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. முதல் தாமதத்துக்கு எச்சரிக்கை போதும், வண்டியைப் பறிமுதல் செய்யாதே, ஜெயில் என்கிற வரியை எடு என்று மூன்றே மூன்று கேளுங்கள். அதற்கு அவர்களிடமே கையெழுத்து வாங்கமுடியும். அந்த ஆபீஸில் இருப்பவர்களைத் திட்டி ஒரு வார்த்தைகூட அதில் வரவேண்டாம். எனக்குத் தெரிந்து இந்த மாதிரி விஷயங்களில், எந்தப் பிரிவின் கீழ் சலுகை தர அதிகாரம் இருக்கிறது என்று முதலில் காதோடு சொல்லிக்கொடுத்தவர் பல முறை உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு கிளார்க்காகத்தான் இருந்திருக்கிறார். அவருக்கும் இது பிடிக்கவில்லை, ஆனால் யாராவது எழுத்தில் கேட்டால்தானே அவரால் ஃபைலை நகர்த்தமுடியும்.

அந்த மனுவை எழுத உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இத்தனை வருடம் அரசு வேலை பார்த்தவருக்கு ஒரு மனு எந்த மேஜைக்குப் போகும், எந்த வார்த்தை போட்டால் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று என்னைவிட நன்றாகத் தெரியும். அப்பாவிடம் சட்டம் சரியா தப்பா என்று வாதாட வேண்டாம். நீங்கள் சேர்த்த அட்டவணையை மட்டும் அவர் கையில் கொடுத்துவிட்டு, "அப்பா, நீங்கள் சர்வீஸில் இருந்தபோது பதினோரு நாள் தாமதத்துக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற பதிலை அப்படியே மனுவில் எழுதச் சொல்லுங்கள், முதல் கையெழுத்தும் அவருடையதாகவே இருக்கட்டும். மேல்முறையீட்டுத் தேதியைப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள், நாள் குறைவாக இருந்தால் உடனே எழுதுங்கள்.